ஒரே மரம், ஒரே பட்டறை, வேறு வேறு பேட்

மார்ச் கடைசி வந்துவிட்டால் திருச்சியின் விளையாட்டுப் பொருள் கடைகளில் கூட்டம் சேரும். ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். கொள்ளிடத்து மணலில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையன் கோடை முகாமில் லெதர் பந்தில் ஆடப் போகிறான். நல்ல பேட் வேண்டும். கவுன்டரில் இரண்டு பேட்டை எடுத்து வைப்பார்கள். ஒன்று பெயர் பெற்ற கம்பெனியுடையது. மற்றது யாரும் கேள்விப்படாத ஸ்டிக்கர், பாதி விலை. அப்பா தயங்கும்போது கடைக்காரர் சொல்வார்: “ரெண்டும் மீரட்ல ஒரே ஃபேக்டரி சரக்குதான் சார். கட்டையும் ஒண்ணு, செய்ற ஆளும் ஒண்ணு. ஸ்டிக்கருக்குத்தான் கூடுதல் காசு.”

அவர் சொல்லும் தகவல்கள் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவற்றிலிருந்து ‘ஆகவே இரண்டும் ஒரே தரம்’ என்ற இடத்துக்குத் தாவுவதுதான் பிழை. பேட்டில் தொடங்கி ஷூ, ராக்கெட், கால்பந்து வரை இதே தாவலை நாம் செய்கிறோம். பள்ளிக்கும் ஊராட்சிக்கும் மொத்தமாக வாங்கும் அதிகாரிகளும் இதைச் செய்துவிடக்கூடும் என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தத் தகவல்கள் ஏன் உண்மை என்று பார்ப்போம். பிரிவினைக்கு முன் இந்தத் தொழிலின் தலைநகரம் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சியால்கோட். எஸ்.ஜி. என்று நாம் அறிந்த சான்ஸ்பேரீல்ஸ் கிரீன்லேண்ட்ஸ் 1931-ல் தொடங்கியதும் அங்கேதான். 1947-க்குப் பிறகு அந்தக் கைவினைஞர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் வந்து குடியேறினார்கள். இன்றைக்கும் தொழில் அந்த இரண்டு ஊர்களைச் சுற்றியே குவிந்திருக்கிறது. அங்கே ஒரு பட்டறை நாலு கம்பெனிகளின் ஆர்டரை எடுத்துச் செய்வது வழக்கமான நடைமுறை. கட்டையும் அப்படித்தான். உயர்ந்த பேட்டுகளுக்கான ஆங்கில வில்லோவை உலகுக்கு அனுப்புகிறவர்களில் முதன்மையான நிறுவனம் இங்கிலாந்தின் எசெக்ஸில் 1894 முதல் இயங்கும் ஜே.எஸ். ரைட் அண்ட் சன்ஸ். பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்றில்லாமல் பலரும் வாங்குவது அங்கிருந்துதான்.

சரி, அந்தப் பட்டறைக்குள் என்ன நடக்கிறது? வில்லோ மென்மையான மரம். வெட்டிக் காயவைத்த கட்டையை அப்படியே பேட் ஆக்கினால் முதல் ஓவரிலேயே பந்து பள்ளம் பறித்துவிடும். அதனால் பேட்டின் முகத்தை உருளை அச்சில் கொடுத்து அழுத்துவார்கள். பேட்டின் தலையெழுத்து முடிவாவது இங்கேதான். அழுத்தம் கூடிப்போனால் பேட் பல ஆண்டு உழைக்கும், ஆனால் பந்து பட்டதும் செத்த சத்தம் வரும், பந்து ஓடாது. குறைந்துபோனால் பந்து பறக்கும், ஒரு சீசனுக்குள் முகம் விரிந்துவிடும். ஒரே மரத்தில் பிளந்த இரண்டு கட்டைகள்கூட ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஆகவே இயந்திரத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டு எல்லாக் கட்டையையும் வரிசையாக ஓட்டிவிட முடியாது. அச்சுக்காரர் ஒரு தடவை அழுத்துவார், மரச் சுத்தியால் தட்டுவார், சத்தத்தைக் கேட்பார், பிறகு இன்னொரு தடவை ஓட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார். ஒவ்வொரு கட்டைக்கும் அந்த நிதானத்தைக் கொடுக்க ஆர்டர் போட்டவர் காசு கொடுத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஆள் அதே ஆளாக இருக்கலாம். ஒரு பேட்டுக்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் வேறு.

அடுத்தது கழிப்பது. எடை இந்த அளவுக்குள் இருக்க வேண்டும், கைப்பிடி இணைப்பில் இடைவெளி கூடாது, முகத்தில் முடிச்சு கூடாது என்று எழுதிக் கொடுத்து ஆர்டர் போடுகிற கம்பெனி, அதற்குள் அடங்காததைத் திருப்பித் தள்ளும். தள்ளப்பட்ட பேட்டை யாரும் அடுப்பில் போடுவதில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு, அதை வாங்கவும் ஆள் உண்டு. அப்படிக் கழிந்து வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட பேட்டைப் பற்றியும் ‘அதே மரம், அதே ஃபேக்டரி’ என்று மனசாட்சியோடு சொல்லலாம்.

இதைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். திருவெறும்பூர் பெல் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, அதற்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் பெருகின. பிளேட் பெல் கொடுத்தது, வரைபடமும் அவர்கள் கொடுத்தது, எலெக்ட்ரோடு அவர்கள் சொன்ன ரகம். இருந்தாலும் ஒரு யூனிட்டின் வெல்டிங் எக்ஸ்ரேயில் தேறும், அடுத்த யூனிட்டின் வெல்டிங்கில் உள்ளே காற்றுக் குமிழியும் கசடும் தெரியும், ரிப்பேர் என்று குறி போட்டுத் திரும்பும். ஒரே யூனிட்டிலேயே பகல் ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் வித்தியாசம் வருவதுண்டு. 1975-ல் இங்கேயே வெல்டிங்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள் என்றால், நல்ல இரும்பு இருந்தால் போதும் என்று யாரும் நம்பாததால்தான். பாய்லர் வேலையில் பிளேட் எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி மட்டுமே. வெல்டர் தேர்வானவரா, எக்ஸ்ரே எடுத்தது யார், தேறாததை வெட்டி எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்விகள் பின்னாலேயே வரும். இதே ஊரில், இதே மனிதர்கள், பிள்ளைக்கு பேட் வாங்கும்போது மட்டும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

கிரிக்கெட் பந்து இன்னும் தெளிவான சாட்சி. டெஸ்ட் ஆட்டங்களில் மூன்று பந்துகள் புழங்குகின்றன: இந்தியாவில் எஸ்.ஜி., இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ், ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளில் கூக்கபுரா. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: உள்ளே கார்க், சுற்றிலும் நூல், மேலே சிவப்புத் தோல். விதியும் ஒன்றே: எடை 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். வித்தியாசம் தையலில். எஸ்.ஜி.யிலும் டியூக்ஸிலும் ஆறு வரிசையும் கையால் தைப்பது. கூக்கபுராவில் நடு இரண்டு வரிசை மட்டும் கை, மற்ற நான்கும் இயந்திரம். அதனால்தான் கூக்கபுராவின் சீம் சீக்கிரம் படிந்துவிடுகிறது, எஸ்.ஜி.யின் சீம் பந்து பழசான பிறகும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஒரு சுழல்பந்து வீச்சாளரின் பிழைப்பே இந்த நூலில் தொங்குகிறது.

பெயர் பெற்ற கம்பெனியை நம்பிவிட்டால் போதுமா என்றால், அதற்கும் பந்தே பதில் சொல்கிறது. 2018 அக்டோபரில் விராட் கோலி எஸ்.ஜி. பந்தின் தரம் இறங்கிவிட்டது, ஐந்து ஓவரிலேயே தேய்ந்துபோகிறது என்று குறைசொல்லி, எல்லா நாட்டிலும் டியூக்ஸ் வேண்டும் என்றார். கம்பெனி பந்தைத் திருத்தியது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டில் சீம் பிரிந்தபோது, எஸ்.ஜி. பந்தில் இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்று அஸ்வின் வெளிப்படையாகச் சொன்னார். அதே மீரட், அதே கம்பெனி, அதே தோல். அந்த லாட் மட்டும் சரியில்லை. 2025-ல் இங்கிலாந்து–இந்தியா தொடரில் டியூக்ஸ் பந்தே உருக்குலைந்து அடிக்கடி மாற்ற வேண்டிவந்ததைப் பார்த்தோம்.

கால்பந்தில் இந்த வேறுபாட்டை ஃபிஃபா எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. ‘குவாலிட்டி’ முத்திரை பெற 410 முதல் 450 கிராம் வரை இருக்கலாம். ‘குவாலிட்டி ப்ரோ’ முத்திரைக்கு 420 முதல் 445 வரைதான். சுற்றளவில் முதலாவதற்கு இரண்டு சென்டிமீட்டர் தளர்வு, இரண்டாவதற்கு ஒன்றே ஒன்று. இரண்டு பந்தும் ஒரே கூரையின் கீழ் தயாராகலாம். நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்தக் குறுகலுக்குத்தான்.

ஷூக்கள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்குச் செய்கிறது; திருச்சிக்குப் பக்கத்தில், பெரம்பலூர் மாவட்டம் எறையூரில், 2023 முதல் க்ராக்ஸ் காலணிகள் தயாராகின்றன. ‘நம்ம ஊர் ஃபேக்டரியில் செய்தது’ என்ற பேச்சு இனிக் கடைகளில் இன்னும் அதிகம் கேட்கும். ஒரே ஆலையிலிருந்து சாதாரண நுரை அடிப்பாகம் கொண்ட மலிவு ஷூவும் மாரத்தான் ஓட்டக்காரருக்கான விலையுயர்ந்த ஷூவும் வெளிவரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. பேட்மின்டன் ராக்கெட்டிலும் ஜப்பானின் டோரே நிறுவனத்தின் கார்பன் இழையைப் பல கம்பெனிகள் வாங்குகின்றன. எந்த ரக இழை, எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு என்பதில்தான் ஒன்று பேட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா கட்டாவின் கையிலும் மற்றது மொட்டைமாடியிலும் ஆடத் தகுந்ததாகிறது.

கடைக்காரரின் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது. விலையில் பெரிய பங்கு விளம்பரத்துக்கும் வீரர்களின் ஒப்பந்தத்துக்கும் போகிறது. டெண்டுல்கரின் பேட்டிலும் கோலியின் பேட்டிலும் சென்னை டயர் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தக் கட்டையை அழுத்திய கை யாருடையது என்று எந்த ஸ்டிக்கரும் சொல்வதில்லை. ஆங்கில வில்லோவை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பதே பெரும்பாலும் பார்வைக்குத்தான்: நேர் ரேகைகள், கறையில்லாத முகம். கறை படிந்த மூன்றாம் தரக் கட்டை சில நேரம் முதல் தரத்தைவிட நன்றாக அடிக்கும். 2016-ல் அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகள் தம் சொந்தப் பெயரில் விற்ற மலிவு கோல்ஃப் பந்து விலையுயர்ந்த பந்துகளுக்கு ஈடாக ஆடியது. விவகாரம் நீதிமன்றம் வரை போய் 2018-ல் சமரசமானது. கவனிக்க வேண்டியது, பிறகு அதே பெயரில் வேறு ஆலையிலிருந்து வேறு கட்டமைப்பில் பந்து வந்தது. அது முதல் பந்தைப் போல ஆடவில்லை. மலிவானது நன்றாக இருக்கலாம். அதை ஆடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஃபேக்டரியின் பெயரைக் கேட்டுச் சொல்ல முடியாது.

பையனுக்கு பேட் வாங்க வந்தவர் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் பயனுள்ளது. ஒரே மாடலில் மூன்று பேட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தராசில் வையுங்கள், ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய மூன்றும் மூன்று எடை காட்டும். பழைய லெதர் பந்தால் முகத்தின் நடுவிலும் அடியிலும் தட்டி, சத்தத்தைக் கேளுங்கள். கைப்பிடி கட்டையில் இறங்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். திருச்சி வெயிலில் வண்டியின் பின்னால் கட்டிவைத்த பேட் காய்ந்து வெடிக்கும் என்பதால், வாங்கியவுடன் லின்சீட் எண்ணெயை லேசாகத் தடவி, சில மணி நேரம் பொறுமையாகத் தட்டிப் பக்குவப்படுத்துங்கள். பத்து வயதுப் பையனுக்கு, கனமான முதல் தர பேட்டைவிடத் தூக்க முடிந்த காஷ்மீர் வில்லோ நல்லது.

அரசின் பொறுப்பு இதைவிடப் பெரிது. 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் திட்டம். திருச்சி மாவட்டத்தில் மட்டும் 404 ஊராட்சிகள். கிராமத்துப் பிள்ளைக்குக் கையில் கிடைக்கும் முதல் நல்ல பந்து, முதல் நல்ல பேட் அதுவாக இருக்கலாம் என்பதால் இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். அதே காரணத்துக்காகவே, இத்தகைய மொத்தக் கொள்முதலில் ‘காஷ்மீர் வில்லோ பேட், முழு அளவு’ என்று எழுதுவது போதாது என்கிறேன். தேறிய பேட்டும் கழிந்த பேட்டும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். எடை எதிலிருந்து எதுவரை, பந்தின் சுற்றளவு எவ்வளவு, எத்தனை அடிக்குப் பிறகு உருவம் எவ்வளவு மாறலாம் என்பதெல்லாம் ஆணையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் சில பொருள்களை எடுத்து வெளியார் சோதிக்க வேண்டும். திருச்சியில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் தராசும் அளவுகோலும் சோதனைக் கருவிகளும் இருக்கின்றன, மாணவர்களும் இருக்கிறார்கள். சோதனை முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். பத்தில் இரண்டு தேறாவிட்டால் அந்த லாட்டை முழுதாகத் திருப்பி அனுப்பும் உரிமையும், மாற்றுச் சரக்கு எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்ற கெடுவும் கொள்முதல் ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.