ஆறாம் எண்

4,294,967,297 என்னும் எண், இரண்டின் முப்பத்திரண்டாம் வலுவோடு ஒன்றைக் கூட்ட வருவது. நம் உயர்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் இவ்வெண்ணை ஒருமுறையேனும் தாளும் பென்சிலுங் கொண்டு ஆராய்தல் வேண்டும் என்பது என் துணிபு. பரீட்சையில் இது வாராதே என்பார்க்குப் பின்னர் விடை கூறுவேன்.

பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பெர்மா தொழிலால் நீதித்துறையைச் சார்ந்தவர்; கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பம். 3, 5, 17, 257, 65,537 என்னும் வரிசையை அவர் நோக்கினார். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கித்து, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். ஐந்தும் முதன்மை எண்களே. ஆகவே, இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்கள் என 1640 ஆம் ஆண்டில் அவர் கடிதத்தில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைத்தாரல்லர். ஆறாவதாக வருவதே நம் எண்.

1729 இல் கோல்ட்பாக் என்பார் இக்கூற்றை ஓயிலருக்கு நினைவூட்டினார். 1732 இல் ஓயிலர் 641 × 6,700,417 என அவ்வெண்ணைப் பிளந்து காட்டினார். இதற்கு முதன்மைக் காரணி ஏதும் இருப்பின், அது 64 இன் மடங்கிலும் ஒன்று மிகுந்ததாகவே இருக்கும் எனப் பின்னர் அவர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வருவன. ஐந்தாம் வகுத்தலிற் காரியம் முடிந்தது! இந்நிறுவலுக்கு ஆதாரமாயது பெர்மாவே கண்ட வேறொரு தேற்றம். திறவுகோல் அவர் மடியிலேயே இருந்தது போலும்.

நெடிய வகுத்தலை விரும்பாதார்க்கும் வழியுண்டு. 640 இன் நான்காம் வலுவில் ஒன்றைக் கழித்தால், எஞ்சுவது 641 ஆல் மீதியின்றி வகுபடும். அட்சரகணிதம் பயின்றார் இதனை அறிவர். இனி, 641 என்பது 625 உம் 16 உம் சேர்ந்தது. அதனை இரண்டின் இருபத்தெட்டாம் வலுவாற் பெருக்க, 640 இன் நான்காம் வலுவும் இரண்டின் முப்பத்திரண்டாம் வலுவும் சேர்ந்த தொகை வரும். இதுவும் 641 இன் மடங்கு. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க, நம் எண்ணே எஞ்சும்!

கைத்தொலைபேசி இக்காரணிகளை இமைப்பொழுதிற் கூறிவிடுமே, பரீட்சைக்கும் இது வேண்டாமே என்பர். விடை எளிதிற் கிடைக்கும் இக்காலத்தில், காரணமே கற்கத்தக்கது என்பேன். மூன்று உதாரணங்களைச் சரிபார்த்துவிட்டு "ஆகவே எப்பொழுதும்" என எழுதும் மாணவனுக்கு, ஐந்து உதாரணங்களும் பெர்மாவுக்குத் துணைநில்லாமையைக் காட்டுதல், பத்து முறை கடிந்துரைப்பதினும் பயன் தரும். ஆசிரியர்கள் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குவாராக.

ஐந்துக்கு அப்பால் இவ்வரிசையில் வேறொரு முதன்மை எண் இன்றுவரை கிடைத்திலது. இல்லையென நிறுவினாரும் இலர்.