காற்றில் போடும் தாளம்

மயிலாப்பூர் சபாக்களில் தாளம் தொடையில்தான் விழும். பாடகர் தன் தொடையில் போடுவார், முன்வரிசை மாமா தன் தொடையில் போடுவார். மேடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் பாட்டு ஒன்றுதான். பக்கவாத்தியங்கள் அதை ஒட்டியே வரும். எல்லாருக்கும் முன்னால் நின்று, ரசிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் காற்றில் வீசிப் பல குரல்களை நடத்துகிற ஆளுக்கு நம் கச்சேரியில் இடமில்லை. அப்படி ஒருவர் இதே ஊரில் இருந்தார், பாரதியைப் பல குரல்களில் பாட வைத்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எம்.பி. சீனிவாசன். 1925-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே இடதுசாரி இயக்கத்துக்குப் போய்விட்டார். டெல்லியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக வேலை பார்த்தார். ஜாலியன்வாலாபாக் நாட்களில் கைதான சைஃபுதீன் கிச்லுவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். திரும்பி வந்து 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் அதில் பாட்டு எழுதினார். யேசுதாஸ் முதன்முதலில் சினிமாவுக்குப் பாடியதும் இவர் இசையில்தான், 1961-இல். தமிழ் சினிமா அவரை அதிகம் கூப்பிடவில்லை. மலையாளம் கூப்பிட்டது, கொண்டாடியது. எனக்கு அதில் இன்றும் ஆதங்கம் உண்டு.

ஆனால் அவர் உயிரை வைத்தது சேர்ந்திசையில். எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். இந்த ஊருக்குக் கொயர் புதிதல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து இருக்கிறது. அது மேற்கத்திய இசை, அதற்கென்றே பிறந்த இசை. எம்.பி.எஸ். எடுத்துக்கொண்டது வேறு, கஷ்டமான வேலை. நம் ராகத்தில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, அசையும். ஒரு குரல் காந்தாரத்தை அசைக்க, அதே நேரத்தில் இன்னொரு குரல் நிஷாதத்தை அசைத்தால் இரண்டும் உரசும். கமகத்தைக் குறைத்தால் ராகத்தின் முகம் போய்விடும். குறைக்காவிட்டால் குரல்கள் சேராது. எதை நேராகப் பிடிப்பது, எதை அசைய விடுவது என்று ஒவ்வொரு வரிக்கும் முடிவு செய்தாக வேண்டும்.

அடையாறில் ஒரு பள்ளி அரங்கில் சேர்ந்திசை ஒத்திகை ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடத்துகிறவரின் வலது கை தாளத்தைச் சொல்கிறது. இடது கைதான் விஷயம். உள்ளங்கை மேலே பார்த்தால் பெண் குரல்கள் எழும்புகின்றன. விரல்கள் மெல்ல மடங்கினால் ஆண் குரல்கள் அடங்குகின்றன. பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பு அவர் மூச்சை இழுக்கிறார். மொத்தக் குழுவும் அதே மூச்சை இழுக்கிறது. யாராவது ஒருவர் தன் குரல் தனியாகத் தெரியவேண்டும் என்று நினைத்தால் போதும், கட்டிடம் சரிந்துவிடும். எதிரில் ஒரு சின்னப் பெண், பக்கத்தில் இருப்பவர் வேறு ஸ்வரம் பாடினாலும் தன் ஸ்வரத்தை விடாமல், காதை மட்டும் அந்தப் பக்கம் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்காமலே சேர்ந்து போவதை நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு நேரடியாகக் கற்றுத்தரும் வேறெதையும் நான் பார்க்கவில்லை.

எம்.பி.எஸ். சங்கம் கட்டியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். கோடம்பாக்கத்தில் வயலினும் தபேலாவும் வாசித்தவர்களின் பெயர் இசைத்தட்டில் வராது. அவர்களை ஒன்றுசேர்த்துச் சினிமா இசைக்கலைஞர்கள் சங்கம் அமைத்து, கூலிக்காக வாதாடினார். ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் அவரும் தென்னிந்தியத் திரைத் தொழிலாளர் சங்கங்களுக்கு முன்னோடிகள். இசையமைப்பாளர் ஒருவர் சங்கம் கட்டினால் வாய்ப்பு குறையும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் செய்தார்.

1988 மார்ச்சில், சேர்ந்திசைப் பணிக்காகப் போயிருந்த லட்சத்தீவில் மாரடைப்பால் இறந்தார். மெட்ராஸ் யூத் கொயர் அவருக்குப் பிறகும் பாடியது.

2025-இல் அவருக்கு நூறு வயது நிறைந்தது. டிசம்பர் வந்தால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எத்தனை மேடைகள்! அவற்றில் ஒரு சபாவாவது ஒரு மாலையை, மத்தியான இலவச நேரத்தை அல்ல, டிக்கெட் விற்கும் பிரதான நேரத்தையே, சேர்ந்திசைக்குக் கொடுக்கவேண்டும். பாரதியை நாலு குரல்களில் கேட்கட்டும் நம் ரசிகர்கள். மேடையைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும், மைக்குகளைக் கூட்ட வேண்டியிருக்கும். செயலாளர்கள் மனது வைத்தால் வருகிற சீசனிலேயே நடக்கும்.