நத்தைக் கஞ்சியும் ஒடியற்கூழும்

போன மாதச் சந்திப்பில் வழமைபோலப் படம் பார்க்கவில்லை, ஒரு சமையல் நிகழ்ச்சி பார்த்தோம். அதுவும் பழைய நிகழ்ச்சி. 2009இல் பிரித்தானியாவின் சனல் 4 இல் தொடங்கிய 'ஹெஸ்டன்ஸ் ஃபீஸ்ட்ஸ்'. ஹெஸ்டன் புளூமெந்தால் என்ற சமையற்காரர் ஒவ்வொரு பாகத்திலும் வரலாற்றில் ஒரு காலத்தை எடுத்து, அந்தக் காலத்து விருந்தைத் தன் பாணியில் உருமாற்றி, சில பிரபலங்களைக் கூப்பிட்டுப் பரிமாறுவார். இரண்டு பாகம் பார்த்தோம். பிறகு அதைவிடக் கூட நேரம் சண்டை பிடித்தோம். கடைசி பஸ்ஸை விட்டுட்டு நடந்து வீட்டுக்குப் போனவர்களும் எங்களில் உண்டு. இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் மிச்சம்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறோம். உரோமர் காலத்து விருந்தில் ஒரு முழுப் பன்றி மேசைக்கு வருகிறது. வயிற்றைக் கீறக் குடல் சரிந்து விழுகிறது. விருந்தாளிகள் கத்துகிறார்கள். வடிவாகப் பார்த்தால் அது குடல் இல்லை, சொசேஜ். மத்தியகால விருந்தில், மாவால் மூடிச் சுட்ட பெரிய 'பை' ஒன்றைத் திறக்க உள்ளுக்கிருந்து உயிருள்ள புறாக்கள் பறக்கின்றன. விக்டோரியா காலத்து விருந்தில் ஜெலி தானாகவே நடுங்குகிறது. தங்கத்தாள் சுற்றிய கடிகாரம் ஒன்று சுடுதண்ணியில் கரைந்து சூப்பாகிறது. அடுத்த வருடம் வந்த இரண்டாம் தொகுதியில், ஒரு வீட்டையே சாப்பிடக்கூடியதாகக் கட்டினார்.

முடிந்ததும் நாங்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தோம். முதலாவது கட்சி: "சீ, இதெல்லாம் மனிசர் சாப்பிடுறதோ?" இரண்டாவது: "சாப்பாட்டை வைச்சு விளையாடுறாங்கள். பாவம் பிடிக்கும்." மூன்றாவது: "அந்தாள் ஒரு கலைஞன். உங்களுக்கு விளங்கேல்ல." முதற் கட்சிக்குத்தான் ஆள் கூட. மூன்றாவது கட்சியில் இரண்டே பேர். இரவு முடியும்போது இந்தக் கணக்கு மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைத்தான் எழுத விரும்புகிறோம்.

ஹெஸ்டன் யார் என்பதில் தொடங்குவோம். பெரிய சமையற் கல்லூரி எதிலும் படித்தவர் இல்லை. பதின்ம வயதில் குடும்பத்தோடு தென்பிரான்சுக்குப் போனபோது ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்டதுதான் அவருக்குத் தொடக்கம். பிறகு பல வருடம் புத்தகங்களை வைத்துத் தானாகவே சமைத்துப் பழகினார். 1995இல் பிறே என்ற கிராமத்தில், ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் 'த ஃபற் டக்' உணவகத்தைத் தொடங்கினார். 2004இல் அதற்கு மூன்று மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த வருடம் உலகத்தின் சிறந்த உணவகம் என்ற பட்டமும் வந்தது. அவரைப் பிரபலமாக்கிய சாப்பாடுகளில் இரண்டின் பெயரைக் கேட்டாலே முதற் கட்சிக்கு வயிறு பிரட்டும். ஒன்று முட்டையும் பேக்கனும் போட்ட ஐஸ்கிறீம். மற்றது நத்தைக் கஞ்சி.

நத்தைக் கஞ்சி எண்டு சொன்னதும் எங்கட கூட்டத்தில் பெரிய சிரிப்பு. அப்போது மூன்றாவது கட்சிக்காரி ஒருத்தி கேட்டாள்: "ஒடியற்கூழை இங்கிலீஷில வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்துங்கோ பாப்பம்."

முயன்று பார்த்தோம். காய வைத்த பனங்கிழங்கை இடித்த மாவில் ஒரு கஞ்சி. அதுக்குள்ள நண்டு, இறால், மீன், கருவாடு. பிறகு பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. கொஞ்சம் புளி, கனக்கச் செத்தல் மிளகாய். பலாவிலையைக் கோலி அதில் குடிப்பது. சொல்லச் சொல்ல எங்களுக்கே விளங்கியது, நாங்கள் 'நண்டுக் கஞ்சி' குடித்து வளர்ந்த ஆக்கள். நத்தைக் கஞ்சியில் இருப்பதோ ஓட்ஸ், உள்ளி, பார்ஸ்லி இலை, பட்டர், நத்தை. நத்தையை உள்ளியும் பட்டரும் போட்டு பிரெஞ்சுக்காரர் எத்தனையோ காலமாகச் சாப்பிடுகிறார்கள். ஓட்ஸ் கஞ்சி பிரித்தானியரின் காலைச் சாப்பாடு. தனித்தனியே எடுத்தால் அவர்களுக்கு இரண்டும் புதிதில்லை. இரண்டு பெயரும் பக்கத்தில் வந்து நின்றதுதான் ஆக்களை உலுப்பியது.

இது வெறும் ஊகம் இல்லை. ஹெஸ்டனும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. புகையூட்டிய சாமன் மீனில் ஒரு ஐஸ்கிறீம் செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதை 'ஐஸ்கிறீம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 'உறைந்த உப்புச்சுவை மூஸ்' என்று சொன்னார்கள். பொருள் ஒன்றுதான். ஐஸ்கிறீம் என்று கேட்டவர்கள் இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தார்கள், பிடிக்கவில்லை, உப்புக் கூட என்றார்கள். மற்றவர்களுக்கு அது பரவாயில்லாமல் இருந்தது. நாக்குக்கு முதல் காது சாப்பிட்டுவிடுகிறது.

எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. எங்கட கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். வெளிநாட்டில் வளரும் எங்கட மச்சான், மச்சாள்மாரில் சிலர் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போக வெட்கப்பட்ட கதையையும் கேட்டிருக்கிறோம். 'சீ' என்ற சொல் மற்றவர் வாயிலிருந்து எங்கட சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்தால் நோகும். அதே சொல்லை நாங்கள் இன்னொருவர் கோப்பையைப் பார்த்துச் சொல்லலாமோ? பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் விடலாம். அருவருப்பு ஒரு வாதமாகாது. இதைச் சொன்னதும் முதற் கட்சி பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று, ஹெஸ்டனின் விசித்திரங்களில் கனக்க அவர் கண்டுபிடித்ததே இல்லை. பன்றி வயிற்றுக்குள் சொசேஜ் வைப்பது உரோமர் வழக்கம். இறைச்சியைப் பழம் மாதிரி உருட்டி வைத்து விருந்தாளியை ஏமாற்றுவது மத்தியகால ஐரோப்பியரின் பகிடி. கோழி ஈரலை மண்டரின் தோடம்பழ வடிவத்தில் செய்து, 2011இல் தொடங்கிய இன்னொரு உணவகத்தில் அதையே ஹெஸ்டன் பிரபலப்படுத்தினார். 'எங்கட ஆக்கள் இப்பிடிச் சாப்பிடேல்ல' என்று கோவித்த பிரித்தானியருக்கு அவர்களது கொப்பாட்டன்மார் சாப்பிட்டதையே திருப்பிக் காட்டினார் என்றுதான் சொல்ல வேணும்.

ஆனால் இரண்டாவது கட்சி அசையவில்லை. அவர்களின் பிரச்சினை அருவருப்பு இல்லை, வீண்.

எங்களில் ஒருவன் அதுவரை பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "இது எப்ப போட்ட நிகழ்ச்சி எண்டு சொன்னனீங்கள்?" 2009 மார்ச் என்றோம். "அந்த மார்ச்சில நான் வன்னியில. எனக்கு எட்டு வயசு. கஞ்சிக்கு வரிசையில நிண்டனான்."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. சனல் 4 என்றால் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 2011இல் அவர்கள் ஒளிபரப்பிய இலங்கையின் கொலைக்களங்கள் பற்றிய ஆவணப்படம். அதே அலைவரிசையில், அந்தப் படத்துக்குள் வருகிற அதே மாதங்களில், தங்கத்தாள் சுற்றிய கடிகாரம் சூப்பில் கரைந்துகொண்டிருந்தது.

இதற்கு ஹெஸ்டனைக் குற்றம் சொல்ல ஏலாது. அவனும் சொல்லவில்லை. உலகத்தில் எங்கோ பசி இருக்கும் நாளில் இன்னொரு இடத்தில் விருந்து நடக்கத்தான் செய்யும். அந்த நேரம் எங்கட ஊரிலும் கலியாணச் சாப்பாடு நடந்தது. அவன் சொன்னது வேற: "எனக்கு அருவருப்பும் இல்லை, கோவமும் இல்லை. சாப்பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு வயிறு நிரம்பியிருக்கோணும். எனக்குச் சிரிப்பு வரேல்ல, அவ்வளவுதான்."

எங்களுக்குத் தெரிந்தவரையில் இந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக நேர்மையான எதிர்ப்பு இதுதான். இதற்கு 'அது கலை' என்று பதில் சொல்வது போதாது. த ஃபற் டக் 2015இல் திருத்தவேலை முடிந்து மறுபடி திறந்தபோது ஒருவருக்கான சாப்பாட்டு விலை 255 பவுண்ட்ஸ், அதையும் முதலே கட்ட வேணும். தொலைக்காட்சி விருந்திலோ காசு கொடுத்தும் இருக்க ஏலாது. சில பிரபலங்கள் சாப்பிடுவார்கள், மிச்சப் பேர் அவர்களின் முகத்தைப் பார்ப்போம். சாப்பாட்டின் வேலை அங்கு வயிற்றை நிரப்புவது இல்லை, முகபாவம் எடுப்பது.

பகட்டு மேசையில் ஏறினாலும் அடுப்படி விதிகள் மாறாது என்பதற்கும் அதே வருடமே சாட்சி. 2009 தொடக்கத்தில் த ஃபற் டக்கில் சாப்பிட்ட 500க்கும் மேற்பட்டோர் நோரோ வைரசால் வாந்தி, வயிற்றோட்டம் வந்து பாதிக்கப்பட்டார்கள். பச்சையாகப் பரிமாறிய சிப்பிகளோடு அது தொடர்புபட்டது. அதிகாரிகளுக்கு அறிவிக்க உணவகம் தாமதித்தது என்று பிறகு வந்த சுகாதார அறிக்கை குறை சொன்னது. நத்தையும் ஐஸ்கிறீமும் ஒருவரையும் கொல்லாது. நோய் வந்தால் உடனே சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. விசித்திரத்தைத் திட்டித் திட்டி, கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடக் கூடாது.

அப்படியெண்டால் பரிசோதனை பணக்காரரின் விளையாட்டுத்தானோ? இந்த இடத்தில் நாங்கள் திரும்பவும் கூழுக்கு வந்தோம்.

ஒடியல்மாவைச் சும்மா கரைத்துக் குடிக்க ஏலாது. முதலே தண்ணியில் ஊற விட்டு, அந்தத் தண்ணியை வடித்து ஊத்த வேணும். இல்லாட்டில் கசக்கும், உடம்புக்கும் கூடாது. இதை யாரோ ஒருவர் முதன்முதலில் கண்டுபிடித்திருக்க வேணும். கிழங்கைக் கிண்டி, பிளந்து, காய வைத்து, இடித்து, ஊற வைத்து, வடித்து. எத்தனை தரம் பிழைத்திருக்கும்? அந்த ஆளுக்கு நட்சத்திரமும் இல்லை, கமராவும் இல்லை. 2022இல் காஸ் இல்லாத நேரம் எங்கட அம்மாமார் விறகுக்கும் மரத்தூள் அடுப்புக்கும் மாறி, இருந்த சாமானை வைத்துச் செய்ததும் பரிசோதனைதான். இல்லாமையும் ஒரு ஆய்வுகூடம். பசி இருந்த இடத்தில்தான் சாப்பாட்டைப் பற்றிய துணிச்சலான கேள்விகள் முதலில் வந்திருக்கின்றன.

ஆக, பரிசோதனையையும் பகட்டையும் பிரித்துப் பார்க்க வேணும் என்பதுதான் எங்கட முடிவு. ஹெஸ்டனிடம் இரண்டும் இருக்கிறது. பகட்டு அந்த இரவோடு முடிந்துவிடும். புறா பறந்தது, கத்தினோம், சரி. பரிசோதனை அடுத்த வீட்டு அடுப்படிக்கு இறங்கும். அவரது மூன்று தரம் சமைத்த உருளைக்கிழங்குப் பொரியல் அப்படிப்பட்டது. கிழங்கை முதலில் தண்ணியில் உடையிற பதத்துக்கு அவித்து ஈரம் போக ஆற விடுவது. பிறகு 130 பாகையில் ஒருக்கா பொரித்து, திரும்ப ஆற விட்டு, கடைசியில் 180 பாகையில் பொரிப்பது. அவிக்கும்போது மேற்பரப்பில் விழுகிற வெடிப்புகளில்தான் மொறுமொறுப்புப் பிடிக்கிறது. தங்கத்தாளும் வேண்டாம், திரவ நைதரசனும் வேண்டாம். இன்றைக்கு பிரித்தானியாவின் சாதாரண மதுக்கடைகளிலும் அது கிடைக்கிறது.

2009 தொடக்கத்திலேயே சனல் 4 இல் வந்த அவரின் இன்னொரு தொடர், நெடுஞ்சாலையோரத்துச் சாதாரண உணவகங்களான 'லிற்றில் செஃப்' பற்றியது. அங்கு அவர் முதலில் கொண்டுபோன விசித்திர யோசனைகள் எடுபடவில்லை. காசு கொடுத்துச் சாப்பிட வந்த சனம் முகஞ்சுழித்தது. அவர் திரும்பிப் போய், வழமையான சாப்பாட்டை ஒழுங்காகச் சமைக்கத் தொடங்கினார். எங்களுக்கு அந்த ஹெஸ்டனைத்தான் கூடப் பிடித்தது. விருந்து நிகழ்ச்சியில் அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒருவரும் இல்லை. சாலையோரத்தில் இருந்தார்கள்.

இரவு முடிவில் கணக்கு இப்படி: அருவருப்புக் கட்சி கலைந்துவிட்டது. 'பாவம் பிடிக்கும்' கட்சி அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேணும். கலைக் கட்சி கொஞ்சம் வளர்ந்தது, ஆனால் முந்தின மாதிரிச் சத்தம் போடவில்லை.

அடுத்த வாரம் எங்களில் ஒருத்தி அந்தப் பொரியலை வீட்டில் செய்து பார்த்தாள். மூன்று தரம் அடுப்பு, ஒரு தாச்சி நிறைய எண்ணெய். தாய் காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினாவாம். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாவாம். பிறகு கேட்டாவாம்: "முதல் அவிக்கிறதை விறகு அடுப்பில வைச்சா என்ன?"

ஹெஸ்டன் இருந்திருந்தால் அதையும் செய்து பார்த்திருப்பார்.