வேடன் வேஷமும் வீட்டுப் பேச்சும்



பாலர் பாடசாலைக் கலைவிழா என்றால் "வேடன் நடனம்" ஒன்று தவறாமல் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இலை தழை கட்டி, முகத்தில் கரி பூசி, கையில் கோடரி கொடுத்து மேடையேற்றுகிறோம். பிள்ளை கத்துகிறது, சபை சிரிக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நாம் வாழும் சப்ரகமுவவின் பெயரே, சபரர் எனப்பட்ட வேட்டுவ மக்கள் வாழ்ந்ததால் வந்தது என்பார்கள். நாம் மரியாதையோடு பாவா ஆதம் மலை என்று சொல்லும் மலைப் பக்கம்தான் குவேனியின் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள் என்றும், அவர்கள் வழியில் புலிந்தர் பெருகினர் என்றும் மகாவம்சம் கூறுகிறது. குருவிட்டைக்கு அருகே பட்டதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முந்திய மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

இன்று ஆதிவாசிகளைப் பார்க்க நாம் போவது தம்பானைக்கு. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது, அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்த காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. தலைவர் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா. கூட்டத்தில் முறையிட்டார். அவர்களின் பிள்ளைகள் படிப்பது சிங்களத்தில். தாய்மொழி மங்கி வருகிறது. இதெல்லாம் நம் பிள்ளைக்குத் தெரியாது. கரி மட்டுமே தெரியும்.

கனடாவில் ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். அதற்காக அரசு 2008இல் மன்னிப்புக் கேட்டது. 2015இல் அங்குள்ள ஆணைக்குழு, அம்மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற பாலர் கல்வி வேண்டுமென்று கேட்டது. இங்கே ஆணைக்குழு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? உம்மாமார் போதும்.

ஏனென்றால் பேச்சு அடுப்படியில்தான் தொடங்குகிறது. "காட்டான் மாதிரிச் சாப்பிடாதே" என்கிறோம். அதே சொல்லின் முன்னே தோட்டத்தைச் சேர்த்து, லயத்துப் பிள்ளைகளுக்கும் பட்டம் கட்டுகிறோம். அவர்கள் ஆதிவாசிகள் அல்லர். ஆனால் ஏச்சு ஒன்றுதான். காடு வெட்டித் தேயிலையும் இறப்பரும் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1948 சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது; எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 ஆயிற்று. நம்மவர் கடைகள் பலவற்றை வாழவைத்ததும் அவர்களுடைய சம்பளக் காசுதான். (இதை நாம் அதிகம் பேசுவதில்லை.)

எனக்குத் தெரிந்த ஒரு பாலர் பாடசாலையில் நம் வீட்டுப் பிள்ளையொன்று அந்தச் சொல்லைச் சொல்ல, லயத்துச் சிறுமி இரண்டு வாரம் வரவேயில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அதை எங்கே படித்தது? சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கும்போது, பெண்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறது.

இந்த ஆண்டு கரியை விட்டுவிடச் சொல்லி ஆசிரியையிடம் பேசுங்கள். தேனெடுப்பது எப்படி, எந்த மரத்தில் எந்தப் பூ என்று ஆதிவாசிகளின் அறிவைக் கதையாகச் சொல்லலாமே. லயத்துப் பிள்ளையின் அம்மாவையும் ஒரு தாலாட்டுப் பாட அழையுங்கள். ஆனால் வேலைநாளில் அழைத்தால் அவளுக்கு அரைப்பேர்தான் விழும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அழையுங்கள்.