செயின் அறுந்தால் யார் வருவார்?

சங்க இதழில் இசை விழாவைப் பற்றியும் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றியும் எழுதுவது வழக்கம். சைக்கிள் சாவியைப் பற்றி ஒருவன் பக்கம் பக்கமாக எழுத வந்துவிட்டானே என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. புணேயில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது பால்கனியில் ஒரு கியர் சைக்கிள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் வேதாள் டேக்டியோடு திரும்புகிறார்கள். சிலர் சிங்ககட் வரை ஏறுகிறார்கள். இன்னும் சிலர் முல்ஷி தாண்டி தாம்ஹினி காட்டுப் பக்கம் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். சைக்கிளுக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுக்கிறோம். ஹெல்மெட், கையுறை, கண்ணாடி எல்லாம் தேடித் தேடி வாங்குகிறோம். "வழியில் ரிப்பேர் வந்தால் கையில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால், "கடைக்காரர் ஏதோ ஒன்று கொடுத்தார் அங்கிள்" என்று பதில் வருகிறது.

அந்த "ஏதோ ஒன்று" பற்றித்தான் எனக்குச் சண்டை. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு கருவியைக் கையில் எடுத்தால் அது வேலைக்கா, அலமாரிக்கா என்று சொல்லிவிடலாம். மலைக்குப் போகிற சைக்கிளுக்கென்று விற்கப்படும் மடக்குச் சாவிகளில் பாதி அலமாரிக்குத்தான். செயினைப் பிரித்து மாட்டும் கருவி இல்லாத எந்த மடக்குச் சாவியையும், அதில் எத்தனை கத்தி, எத்தனை ஸ்பானர் இருந்தாலும், மலைக்கான கருவி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் செயினுக்கு இவ்வளவு முக்கியத்துவம்? மற்றக் கோளாறுகளுக்கு ஏதாவது ஓர் ஒப்பேற்றல் உண்டு. ஒரு பக்கத்து பிரேக் போனால் மறு பக்கத்து பிரேக்கைப் பிடித்து மெதுவாக இறங்கலாம். கியர் மாறாமல் நின்றுவிட்டால் ஒரே கியரில் வீடு வந்து சேரலாம். சீட் தளர்ந்தால் நின்றுகொண்டே மிதிக்கலாம். செயின் அறுந்தால் மட்டும் சைக்கிள் வெறும் தள்ளுவண்டி. இறக்கத்தில் ஓடும், ஏற்றத்தில் நம் முதுகுதான் அதைச் சுமக்க வேண்டும். அது அறுவதும் ஏற்றத்தில்தான். எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றும்போது, செயினின் வெளித்தகடு ஒன்று பின்னிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

எங்கள் குடியிருப்பில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் மகன், கல்லூரிப் பையன், போன ஆடி மாதம் இரண்டு நண்பர்களோடு முல்ஷி அணைக்கு அப்பால் போனான். மழைக்காலம், பிற்பகல் மூன்று மணி, செயின் அறுந்தது. மூன்று பேரிடமும் மடக்குச் சாவி இருந்தது. ஒன்றில் இருபது வேலை செய்யலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததாம். பாட்டில் மூடி திறக்கிற வசதிகூட உண்டு. செயின் டூல் மட்டும் இல்லை. மலை மடிப்பில் போனுக்கு சிக்னல் கிடையாது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்து, இருட்டிய பிறகு ஒரு பால் டெம்போக்காரர் புண்ணியத்தில் ஊர் சேர்ந்தார்கள். அதுவரை அந்த அம்மாள் வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்த நடையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தேவைப்பட்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புத் துண்டும் பத்து நிமிடப் பழக்கமும்.

ஊரில் நாம் ஓட்டிய சைக்கிளோடு இதை ஒப்பிட்டால் விஷயம் எளிதாகப் புரியும். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் தெருக்களில் ஓடின. அந்தச் செயின் தடிமனானது. ஒரே பல்சக்கரத்தில் நேர்க்கோட்டில் ஓடுவது. அதற்கு ஸ்பிரிங் தகடு போட்ட செயின் லாக் இருக்கும். தெருமுனைக் கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பிக் கழற்றுவார். லாக் இல்லையென்றால் சுத்தியலும் பஞ்சும் வைத்துப் பின்னைத் தட்டி எடுப்பார். கியர் சைக்கிளில் அது நடக்காது. பின்னால் எட்டு, பத்து, பன்னிரண்டு பல்சக்கரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் நடுவே புகுந்து போவதற்காகச் செயினை மெல்லியதாக்கிவிட்டார்கள். எட்டு கியர்ச் செயின் வெளிப்புறம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு கியர்ச் செயின் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நீளவாட்டில் மட்டும் மாற்றமில்லை, பின்னுக்குப் பின் அன்றும் இன்றும் அரை அங்குலம்தான். இந்த மெல்லிய செயினில் பின்னின் தலையைத் தட்டி விரித்திருப்பார்கள். ஒரு தடவை வெளியே தள்ளிய பின்னைத் திரும்ப உள்ளே அடித்தால் பழைய பிடிப்பு வராது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி அறுக்கும்.

ஆகவே செயின் டூலோடு இன்னொன்றும் வேண்டும். குவிக் லிங்க் என்று கடையில் கேளுங்கள். நம் பழைய செயின் லாக்கின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டே துண்டு, எடை ஐந்தாறு கிராம்கூட இராது. உங்கள் சைக்கிளில் பின்னால் எத்தனை பல்சக்கரமோ அந்த எண்ணுக்கு உரியதையே வாங்க வேண்டும். எட்டுக்கு உரியதைப் பத்தில் மாட்டினால் நிற்காது. சில கம்பெனிகள் மெல்லிய செயின்களின் லிங்க்கை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. எனவே ஒரு ஜோடி உபரியாக இருக்கட்டும்.

இனி வேலை முறை. செயினில் ஒரு கண் உள்தகடு, அடுத்த கண் வெளித்தகடு என்று மாறி மாறி வரும். அறுவது பெரும்பாலும் வெளித்தகடுதான். அந்தப் பழுதான வெளித்தகட்டை மட்டும், இரு புறப் பின்னையும் தள்ளி, முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் உள்தகடு நிற்கும். நடுவே குவிக் லிங்க்கைக் கோத்தால் செயினின் நீளம் அணுவளவும் குறையாது. லிங்க்கைக் கோத்த பிறகு அது மேல் பக்கம் வரும்படி பெடலைச் சுற்றி, பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிதி மிதித்தால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். உள்தகடும் வளைந்திருந்தால் ஒரு அங்குலம் குறைந்துதான் தீரும். அப்படிக் குறைந்தால், வீடு வரும்வரை முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரம் என்ற கூட்டணியைத் தொடவே கூடாது. நீளம் போதாமல் பின்னால் கியர் மாற்றும் கையையே பிய்த்தெடுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் செயினை மாற்றுவது உத்தமம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தச் சிறிய தள்ளு ஊசியைத்தான். அது செயின் பின்னின் நடுவில் நேராக உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் ஊசி வளையும், அல்லது தகடு விரியும். செயின் படுக்கும் தொட்டியின் முதுகுச்சுவர் கனமாக இருக்க வேண்டும். முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். பன்னிரண்டு கியர்ச் செயின் வைத்திருப்பவர்கள் பழைய கருவியை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு போகாமல், தங்கள் செயின் அதில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் ஒரு துண்டுச் செயின் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பிறகு கைப்பிடி. மிகச் சிறிய மடக்குச் சாவிகளில் செயின் டூலைத் திருக விரல் நுனியளவுதான் பிடி இருக்கும். மழையில், கிரீஸ் படிந்த கையோடு அதைத் திருகிப் பாருங்கள், தெரியும். சாவியின் உடலே நெம்புகோலாகும்படி அமைந்தவை நல்லவை. செயின் டூல் தனியாகவும் கிடைக்கிறது. திருகுவதற்கு அதுவே சுகம். ஆனால் தனியாக இருப்பது தனியாகவே வீட்டில் தங்கிவிடுகிறது. எனவே தனியே போகிறவருக்கு இரண்டும் சேர்ந்தது, நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஒருவரிடமாவது தனியானது என்பது என் தீர்ப்பு.

மற்றச் சாவிகளுக்கு எண்ணிக்கையைப் பார்க்காமல் உங்கள் சைக்கிளைப் பாருங்கள். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு போல்ட்டையும் எழுதுங்கள். பெரும்பாலான மலைச் சைக்கிள்களுக்கு 3, 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீ, டிஸ்க் பிரேக்கின் தகட்டுக்கு டி-25 என்னும் நட்சத்திரச் சாவி, ஒரு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர் போதும். சிறு சரிக்கட்டல்களுக்கு 2, 2.5 இருந்தால் நல்லது. கிராங்க் பிரதர்ஸ் கம்பெனியின் எம்-19 போன்றவற்றில் பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. அதில் செயின் டூலும் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை பெரிதானால் கருவி நல்லது என்று எண்ணுவதுதான் தவறு. பத்தொன்பதில் உங்களுக்கு ஏழுதான் பயன்படும் என்றால் மிச்சத்தைச் சுமந்துகொண்டு ஏறுகிறவர் நீங்களே.

எட்டு மில்லிமீட்டர் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. பெடலுக்கும் கிராங்க்குக்கும் இது வேண்டும் என்று விற்கிறார்கள். பெடலை இறுக்க சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். மடக்குச் சாவியின் நீளமோ பத்து சென்டிமீட்டர். அப்படியானால் அதன் நுனியில் ஏறக்குறைய நாற்பது கிலோ எடையை அழுத்த வேண்டும். மலைச்சரிவில், ஈரக் கையோடு முடிகிற காரியமா? பெடலை வீட்டில் நீளச் சாவியால் இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். (இடது பெடலின் மரை தலைகீழ் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.)

இரும்பின் தரத்துக்கு வருவோம். அலன் கீயின் ஆறு முனைகளும் கூர்மையாக, விரலில் உணரும்படி இருக்க வேண்டும். குரோம் வனேடியம் எஃகா என்று பாருங்கள். மட்டமான சாவியின் முனை இரண்டு தடவையில் மழுங்கும். மழுங்கிய சாவி போல்ட்டின் குழியையும் உருட்டிவிடும். உருண்டுபோன போல்ட்டை எடுக்கிற செலவில் இரண்டு நல்ல சாவி வாங்கலாம். தைவானின் டோப்பீக், அமெரிக்காவின் பார்க் டூல் ஆகியவற்றின் சாவிகளை நான் திருகிப் பார்த்திருக்கிறேன், குறையில்லை. வேறு நல்லவையும் இருக்கும். பெயரைவிட முனையைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னால், "பிள்ளை படிக்கிறான், அவனுக்கு எதற்கு மெக்கானிக் வேலை?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நேராகவே கேட்டார்கள், அதனால் நேராகவே எழுதுகிறேன். இந்த விளையாட்டு பிறந்ததே கிரீஸ் கையில்தான். 1970-களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் மலைப் பக்கத்தில் இளைஞர்கள் கனத்த பழைய சைக்கிள்களைப் புதுப்பித்து மண்பாதையில் இறக்கினார்கள். 1976-இல் அங்கே நடத்தத் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துவிடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களில் படித்தவர்கள் இல்லாமலா போனார்கள்? என் மகளுக்குச் செயினைப் பிரித்து மாட்டத் தெரியும். என் மருமகனுக்குத் தெரியாது. அவர்தான் பொறியியல் பட்டதாரி.

மழைக்காலம் முடிந்ததும் சாவியைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்து, செயின் டூலின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் பையில் கடகடக்காது, கை துடைக்கவும் ஆகும். விடுமுறைக்கு விமானத்தில் ஊருக்குப் போகும்போது பிள்ளையின் தோள்பையில் இது கிடக்கிறதா என்று பார்த்து, பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய செயின் துண்டுகள் இருக்கின்றன, எட்டு கியரிலிருந்து பன்னிரண்டு வரை. ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு முடிந்ததும் சங்கத்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளைச் சைக்கிளோடும் அவர்களுடைய சாவியோடும் அனுப்புங்கள். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.