இரைச்சலில் கேட்பது: கருவியின் பங்கும் குடும்பத்தின் பங்கும்

"அவருக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்." செவித்திறன் குறைந்த முதியவர்களைப் பற்றி நம் இல்லங்களில் பாதி வேடிக்கையாகவும் பாதி சலிப்பாகவும் சொல்லப்படுவது இது. அமைதியான அறையில் தெளிவாக விடை சொல்பவர், திருமண மண்டபத்தில் பொருத்தமில்லாத விடை தருகிறார். அல்லது வெறுமனே புன்னகைக்கிறார். செவித்துணைக் கருவி அணிந்த பின்னரும் இந்நிலை தொடர்ந்தால், "இவ்வளவு பணம் கொடுத்தும் பயனில்லையே" என்ற மனக்குறை எழுகிறது. சில வாரங்களில் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அதை அணிந்திருந்தவரும் மெல்ல மெல்லக் கூட்டங்களிலிருந்து விலகிக்கொள்கிறார்.

இரைச்சலில் பேச்சைப் புரியவைக்கும் பொறுப்பைக் கருவி மட்டுமே சுமக்க இயலாது. அதில் ஒரு பங்கு குடும்பத்தாருக்கு உரியது என்பதே என் கருத்து. இதை ஏற்றுக்கொண்டால், கருவியாலும் கூடுதல் பயன் கிடைக்கும்.

குறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண்போம். முதுமையாலும் நெடுநாள் கேட்ட பேரொலியாலும் உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் நலிகின்றன. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 என்ற அளவில் உள்ள இக்கலங்கள், மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலோருக்கு உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. பேச்சுக்கு உரப்பைத் தருபவை உயிரொலிகள். ஆனால் சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவை பெரிதும் மெல்லிய மெய்யொலிகளே. கடை, படை, தடை, சடை ஆகிய நான்கு சொற்களையும் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யொலி ஒன்றுதான். பக்கத்தில் நடக்கும் பேச்சு அதை மறைத்துவிட்டால், ஓசை கேட்கும், சொல் விளங்காது. இது பாசாங்கும் அன்று, கவனக்குறைவும் அன்று.

இன்றைய கருவிகள் இதற்கு என்ன செய்கின்றன? பெரும்பாலான கருவிகளில் இரண்டு ஒலிவாங்கிகள் உள்ளன. ஒலி அவற்றை வந்தடையும் மிகச் சிறிய நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, முன்னிருந்து வரும் குரலுக்கு முதன்மை தந்து, பின்னிருந்து வரும் ஒலியைத் தணிக்கின்றன. மின்விசிறி, குளிர்சாதனம் போன்றவற்றின் மாறாத ஓசையைத் தனியே அடக்குகின்றன. அண்மை ஆண்டுகளில், எண்ணற்ற ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவும் சில கருவிகளில் இடம்பெற்று, பேச்சை இரைச்சலிலிருந்து பிரிக்க முயல்கிறது. இவை மெய்யான முன்னேற்றங்களே. ஆயினும் சுற்றிலும் பலர் பேசும் இடத்தில் இரைச்சலும் பேச்சாகவே இருக்கிறது. அவற்றுள் நாம் கேட்க விரும்பும் குரல் எது என்பதைக் கருவி ஊகிக்க மட்டுமே முடியும்.

இங்கேதான் ஓர் எளிய கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். திசையறியும் ஒலிவாங்கிகள் அன்றாடச் சூழலில் தரும் நன்மை, பொதுவாக ஒருசில டெசிபல் அளவே. பேசுபவர் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து ஒரு மீட்டருக்கு நெருங்கி வந்தால், திறந்த வெளியில் அவர் குரல் 6 டெசிபல் உயர்கிறது. அறைக்குள் எதிரொலியால் இது சற்றுக் குறையலாம். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வது, விலையுயர்ந்த தொழில்நுட்பத்துக்கு ஈடான உதவியைச் செலவின்றியே தருகிறது. நெருங்க இயலாத இடங்களுக்குத் தொலை ஒலிவாங்கி உண்டு. பேசுபவர் தம் சட்டையில் இதைப் பொருத்திக்கொண்டால், அவர் குரல் வாயருகிலிருந்தே கம்பியின்றிக் கருவியை வந்தடையும். இரைச்சலில் பெரும்பயன் தரும் இத்துணைப்பொருளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

"எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டுமென்றால் கருவி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினாதான். கருவி இல்லையேல், நெருங்கிப் பேசினாலும் அந்த மெல்லிய மெய்யொலிகள் போதிய அளவில் செவிக்கு எட்டா. மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் படிப்பதற்கு விளக்கேற்றிக்கொள்கிறார். அதனால் கண்ணாடி பயனற்றது என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே குடும்பத்தாரை வேண்டுவன இவை. பேசத் தொடங்குமுன் பெயர் சொல்லி அழையுங்கள். முகம் தெரியும்படி, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். கத்தாதீர்கள்; கத்தினால் சொல்லின் வடிவம் சிதையும். சற்று நிதானமாகச் சொல்லுங்கள். புரியவில்லையெனில் அதே சொற்களைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். உணவு வேளையில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். விருந்துக்குச் சென்றால் சுவரையொட்டிய மூலை இருக்கையில் அவரை அமர்த்துங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவரைத் தனிமைப்படுத்துவதில் இரைச்சலைவிடக் கொடியது அது.

மருத்துவத் துறையினருக்கும் கடமை உண்டு. ஒலிபுகா அறையில் எடுக்கும் செவித்திறன் வரைபடம், எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கும் என்பதைக் காட்டும். கூட்டத்தில் பேச்சு எவ்வளவு புரியும் என்பதைக் காட்டாது. வரைபடம் ஒன்றுபோல் உள்ள இருவர் இரைச்சலில் பெரிதும் வேறுபடலாம். அதனால் இரைச்சலுக்கிடையே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் கருவி பொருத்துவதன் வழக்கமான பகுதியாக வேண்டும். இரு காதுகளிலும் குறை இருக்க, செலவு கருதி ஒன்றுக்கு மட்டும் கருவி வாங்குவதையும் மருத்துவரோடு கலந்து பேசியே முடிவு செய்யுங்கள். ஒலி வரும் திசையை அறியவும் இரைச்சலிலிருந்து குரலைப் பிரிக்கவும் மூளை இரு காதுகளின் செய்தியையும் ஒப்பிடுகிறது.

கருவி வாங்கிய புதிதில் அதன் ஒலி அயலாகத் தோன்றும். மூளை அதற்குப் பழகச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை பொறுத்திருங்கள். எந்த இடத்தில், யாருடைய பேச்சு, எப்போது புரியவில்லை என்பதைக் குறித்துவைத்து, மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். "சரியாகக் கேட்கவில்லை" என்ற பொதுவான முறையீட்டைவிட, "கோயில் மண்டபத்தில் பேத்தியின் குரல் விளங்கவில்லை" என்ற ஒரு வரி, கருவியைச் சீரமைப்பவருக்கு மிகுதியாக உதவும்.