“வெளியே வந்துவிடுங்கள், அக்கா!”

நம் சங்க மலரில் வழக்கமாக இலக்கியத்தையும் பயணத்தையும் பற்றி எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பதோ வீட்டுக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றி. ‘பொங்கல் மலரில் இதுவா?’ என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் பொங்கல் விழாவிலேதான் அந்த அக்காவை நான் முதன்முதலில் சந்தித்தேன்; அதுவே என் சமாதானம்.

டில்லிக்கு வந்த புதிதில், விடுதிச் சாப்பாட்டால் நாக்குச் செத்துப்போயிருந்த எங்கள் மூவருக்கு ஞாயிறுதோறும் ரசமும் சோறும் போட்டவர் அவர். கணவர் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். விழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருபவர். மேடையேறினால் பெண்மையைப் போற்றிப் பேசுபவர். மே மாத வெயிலில் அக்கா முழுக்கை ரவிக்கை அணிந்திருப்பதை நாங்கள் பார்த்தோம். பார்த்தோம், ரசத்தைப் புகழ்ந்துவிட்டு வந்தோம். ஒருநாள் பரிமாறும்போது கை தெரிந்துவிட்டது. கேட்டேன். “கதவுல இடிச்சுக்கிட்டேன் தம்பி” என்றார். அடுத்த வாரம் உண்மையைச் சொன்னார்.

“வெளியே வந்துவிடுங்கள், அக்கா!” என்று நான் ஆணையிட்டேன். வெளியே வந்து எங்கே போவது என்பதை ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதோடு நின்றேனா? அவரைக் கேளாமலே கணவரிடம் போய் நியாயம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே அக்காவின் கைபேசி பறிபோயிற்று. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றது. அவர் மனம்விட்டுத் தமிழ் பேசக்கூடிய ஒரே வாசல் அடைபட்டது. அடித்தவன்தான் குற்றவாளி என்று நண்பர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். மெய்தான். ஆனால் அவள் வாய் திறந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிவித்தவன் நான்.

நிற்க. ‘தமிழ்க் குடும்பங்களில் இதெல்லாம் குறைவு’ என்று நம்மில் பலர் நம்புகிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள் நாடு முழுவதற்கும் சுமார் 29 சதவிகிதம். தமிழ்நாட்டில் சுமார் 38. வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களோ நாட்டில் 14 சதவிகிதத்தினரே. ஊரில் என்றால் ஓர் அத்தையோ அண்டை வீட்டுப் பாட்டியோ இருப்பாள். கல்யாணமாகி நேரே டில்லிக்கு வந்த பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்க மட்டுமே போதும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தாலும் எடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா?

நான் கெடுத்ததைச் சரிசெய்தவர் நம் ஆராய்ச்சி மாணவியருள் மூத்தவர் ஒருவர். குழந்தைக்கு அ, ஆ சொல்லித் தருவதாக அந்த வீட்டுக்குள் நுழைந்தார். ஒரு மாதம் எழுத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிறகு, “உங்களுக்கு இப்ப என்ன வேணும்?” என்று மட்டும் கேட்டார். அக்கா கேட்டது விவாகரத்தை அன்று. தம் பட்டச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்! ஏட்டுக்குள் ஒவ்வொன்றாக ஒளிந்து அவை வெளியே வந்தன.

அக்கா ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய், இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். “இவருக்காகவா இத்தனை பாடு?” என்று நான் எரிந்து விழுந்தேன். “அவங்களுக்குக் காரணம் இருக்கும். அடுத்த தடவை கூப்பிடணும்னா நம்மளைத்தானே கூப்பிடணும்?” என்றார் அந்த அம்மையார். அவ்வாறே கூப்பிட்டார், நள்ளிரவில். கணவன் கழுத்தை நெரித்திருந்தான். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே ஆபத்து இருக்கலாம். உயிர்க்கொலைக்கு முன்னடையாளமாகவும் இருக்கலாம். அன்று யோசனைக்கு இடமில்லை. 112-ஐ அழைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

பிறகுதான் நான் சட்டம் படித்தேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டுமல்ல, இழிசொல்லும், நகையையும் சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்வதும் அதில் வன்முறையே. வீடு யார் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பிறந்த ஊருக்குப் போய்விட்டாலும் அங்கிருந்தே மனுச் செய்யலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசம். பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் வழக்கு வராது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறதே என்று, உயிராபத்து இல்லாத வேளையிலும் அவளைக் கேளாமல் ஓடுவது நான் அன்று செய்த அதே தவறுதான். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அக்காவின் வழக்கு அதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

அலுவலர் முன்னால் மொழிபெயர்க்க உட்கார்ந்தவரும் அந்த அம்மையாரே. மூன்று மணி நேரம். அக்கா ‘தள்ளினார்’ என்றால் ‘தள்ளினார்’ என்றே சொன்னார். தம் கோபத்தை ஒரு சொல்லாகவும் சேர்க்கவில்லை. நானாயிருந்தால் சேர்த்திருப்பேன், மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒரு வேண்டுகோள் வைக்கப்போகிறேன். இரு மொழியும் நன்கறிந்த மாணவியர் இருவர் மூவர் இப்பணிக்கு முன்வர வேண்டும். அவர்கள் எண் நம் குடும்ப விழாக்களுக்கு வரும் பெண்களுக்குத் தெரிய வேண்டும். சங்க நூலகத்தில் பூட்டுள்ள அலமாரித் தட்டு ஒன்றைக் காகிதங்களுக்கென ஒதுக்க வேண்டும். யார் வந்தார், எதற்கு வந்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியும் எழுதக்கூடாது. கவியரங்கத்துக்கு ஒதுக்கும் தொகையில் காற்பங்குகூட இதற்கு ஆகாது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அடையாளம் தெரியக்கூடிய இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். ரசத்தைப் பற்றிய வரி மட்டும் இருக்கட்டும் என்றார்.